மறைப்பதற்கு அல்ல, மறுப்பதற்கு: அம்பேத்கரின் உடை சொல்லும் வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 நெருங்கும்போது கல்லூரி விடுதிகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. ஏழை எளிய மக்களுக்காக வாழ்ந்த அண்ணல் அம்பேத்கர் ஏன் கோட்டும் டையும் அணிந்தார்? சிலர் உண்மையாகவே அறிந்துகொள்ளக் கேட்கிறார்கள். சிலர் ஏளனமாகக் கேட்கிறார்கள். வெள்ளைக்காரனைப் பார்த்துப் பழகிய பழக்கம் என்பது ஒரு பதில். பெரிய படிப்புப் படித்தவரின் மிடுக்கு என்பது இன்னொரு பதில். இரண்டுமே அவருடைய வாழ்க்கையைப் படிக்காமல் அவருடைய சிலையை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் பதில்கள்.

அவருடைய வாழ்க்கையை உடையின் வழியாகப் படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது. நல்ல உடை சாதியை மறைத்துவிடும் என்ற நம்பிக்கை அவருக்குப் பத்து வயது நிறைவதற்குள் உடைந்தது. அதன் பிறகும் அவர் நன்றாக உடுத்தினார். ஏன் என்பதே இக்கட்டுரை பின்தொடரும் கேள்வி.

வெளுக்க மறுத்த ஊர்

பீமாராவ் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ஆங்கிலேய இந்தியப் படையில் சுபேதார் நிலைக்கு உயர்ந்தவர். படைப்பள்ளியின் தலைமை ஆசிரியராகப் பணியாற்றியவர். தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட மகர் சமூகத்துக்குப் படைச் சீருடை சாதாரணத் துணி அன்று. ஊரில் நிமிர்ந்து நடக்கக் கூடாது என்று விதிக்கப்பட்ட மனிதருக்கு, அளவெடுத்துத் தைத்த உடையும் காலணியும் கொடுத்து நிமிர்ந்து நில் என்று கட்டளையிட்ட ஒரே இடம் அந்தப் படைதான். 1890களில் மகர்களைப் படைக்குச் சேர்ப்பதை அரசு நிறுத்தியபோது அந்த வாசலும் அடைபட்டது.

ராம்ஜி ஓய்வு பெற்ற பின் குடும்பம் சாத்தாராவுக்கு வந்தது. அங்கே பீமாராவின் வகுப்பறை அனுபவம் பலரும் அறிந்ததே. உட்காருவதற்கு ஒரு சாக்குத்துணியை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். மாலையில் அதைத் திரும்ப எடுத்துவர வேண்டும். பள்ளியின் பணியாள் ஊற்றினால் தண்ணீர். அவர் இல்லாத நாளில் தாகம். அதே ஊரில் நடந்த இன்னொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. சாத்தாராவில் சலவைத் தொழிலாளர்கள் பலர் இருந்தார்கள். இந்தக் குடும்பத்திடம் அவர்களுக்குக் கொடுக்கக் கூலியும் இருந்தது. ஆனாலும் இந்தக் குடும்பத்தின் துணியைத் தொட்டு வெளுக்க ஒருவரும் முன்வரவில்லை. துணிகளையெல்லாம் அக்காக்களே துவைத்தார்கள். முடி திருத்தவும் ஆள் கிடைக்காததால் மூத்த அக்காவே கத்தரிக்கோல் பிடித்துப் பழகித் தேர்ந்தார்.

ஆகவே சிறுவன் பீமாராவ் வெளுத்த சட்டையுடன் பள்ளிக்குப் போனான் என்றால், அதன் பின்னே ஊரின் மறுப்பும் இருந்தது, அதை ஈடுகட்டிய பெண்களின் உழைப்பும் இருந்தது. மற்றவர்களுக்குக் கூலி கொடுத்தால் கிடைத்த தூய்மை, இவர்களுக்குக் கை நோகத் துவைத்தால்தான் கிடைத்தது.

மசூர் ரயில் நிலையம், 1901

ராம்ஜி கோரேகான் என்னும் ஊரில் காசாளராக வேலை பார்த்தார். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே வரச் சொன்னார். 1901இல் பீமாராவும் அண்ணனும் அக்கா மகன்களும் முதன்முறையாக ரயிலில் பயணம் புறப்பட்டார்கள். பயணத்துக்கென்றே புதிய உடைகள் வாங்கப்பட்டன: ஆங்கிலத் தயாரிப்புச் சட்டைகள், மினுங்கும் வேலைப்பாடு கொண்ட குல்லாய்கள், பட்டுக்கரை வேட்டிகள், புதிய காலணிகள். அந்தப் பிள்ளைகளின் தோற்றத்திலிருந்தோ பேச்சிலிருந்தோ அவர்கள் இன்ன சாதி என்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது.

மசூர் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துச்செல்ல யாரும் வரவில்லை. தந்தைக்கு எழுதிய கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. தனியே நின்ற பிள்ளைகளைக் கண்டு நிலைய அதிகாரி இரக்கத்துடன் விசாரித்தார். உடையைப் பார்த்து அவர்களைப் பார்ப்பனப் பிள்ளைகள் என்றே எண்ணியிருந்தார். நாங்கள் மகர்கள் என்று ஒரு பிள்ளை வாய் தவறிச் சொன்ன கணத்தில் அவருடைய முகம் மாறியது. விலகி அறைக்குள் போய்விட்டார். நிலையத்துக்கு வெளியே வண்டிகள் பல நின்றன. எந்த வண்டிக்காரரும் அவர்களை ஏற்றிக்கொள்ள இசையவில்லை. கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஓர் ஏற்பாடு முடிவாயிற்று. பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும். வண்டிக்காரர் கூடவே நடந்து வருவார்.

இரவு முழுதும் அந்த மாட்டுவண்டிப் பயணம் நீண்டது. கையில் கட்டுச்சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடியில் தங்களை முஸ்லிம்கள் என்று சொல்லித் தண்ணீர் கேட்டும் கிடைக்கவில்லை. பசியோடே படுத்தார்கள்.

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் பழமொழி. நிலைய அதிகாரியின் கண்ணில் அந்தப் பழமொழி சிறிது நேரம் உண்மையாக இருந்தது. சாதியின் பெயர் காதில் விழுந்ததும் ஆளும் போனது, ஆடையும் போனது. இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்பில் அம்பேத்கர் எழுதியபோது உடைகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் குல்லாயின் மினுமினுப்பு மறக்கவில்லை என்றால், அந்தக் காயம் எவ்வளவு ஆழமானது என்பதை நாம் ஊகிக்கலாம்.

இரவல் உடையும் பழைய புத்தகமும்

குடும்பம் பம்பாயின் பரேல் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தொழிலாளர் குடியிருப்பில் ஒற்றை அறை. மகன் புத்தகம் கேட்டால் ராம்ஜி மறுக்கமாட்டார். கையில் பணம் இல்லாத நாளில் மணமான மகள்களிடம் போய் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். பீமாராவ் 1907இல் மெட்ரிக் தேறினார். கே.ஏ. கேலுஸ்கர் என்னும் ஆசிரியரின் முயற்சியால் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் முல்லர் என்ற பேராசிரியர் புத்தகங்களை இரவல் தந்ததோடு உடுத்த உடையும் கொடுத்தார். அதே கல்லூரியில் சிற்றுண்டி நடத்தியவர் அவருக்குத் தேநீரோ தண்ணீரோ தர மறுத்தார்.

பிற்காலத்தில் உலகம் வியந்து பார்த்த அந்த மிடுக்கான மனிதர், கல்லூரி நாட்களில் பிறர் கொடுத்த துணியை உடுத்திப் படித்தவர் என்பதை இன்றைய மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அதில் அவருக்கு இழிவு எதுவும் இல்லை. இழிவு, தண்ணீர் தர மறுத்தவருக்கு உரியது.

1913இல் பரோடா அரசின் உதவித்தொகை அவரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. மாதம் 11.50 பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. அந்தத் தொகையில் அறை வாடகை, உணவு, உடை, புத்தகம், வீட்டுக்கு அனுப்பும் பணம் என அனைத்தும் அடங்க வேண்டும். அவர் வயிற்றில்தான் கை வைத்தார். மிச்சம் பிடித்த காசில் நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகளைத் தேடிச் சென்று ஏறத்தாழ 2,000 நூல்களைச் சேர்த்தார். அறிவுக்கும் உடைக்கும் கணக்குப் பார்க்காதவர், சோற்றுக்கு மட்டும் கணக்குப் பார்த்தார்.

அந்தக் கணக்கில் ஒரு நியாயம் உண்டு. வெறும் வயிறு யார் கண்ணுக்கும் தெரியாது. கசங்கிய சட்டை தெரியும். சாதியின் பெயரால் அழுக்கன் என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதப்பட்ட ஒருவர், அந்தத் தீர்ப்புக்குச் சான்றாகத் தம் உடலை ஒப்படைக்க மாட்டேன் என்று முடிவு செய்தார். 1916-17 காலத்தில் லண்டன் பொருளியல் பள்ளியில் பேராசிரியர்களுடனும் நண்பர்களுடனும் அவர் எடுத்துக்கொண்ட ஒரு குழுப்படம் இருக்கிறது. அதில் அவர் மற்றவர்களைப் போலவே கோட்டும் டையும் அணிந்திருக்கிறார். படத்தைப் பார்ப்பவருக்கு யார் தீண்டத்தகாதவர் என்று கண்டுபிடிக்க வழி இல்லை.

பரோடா, 1917

உதவித்தொகை முடிந்துபோனதால் லண்டன் படிப்பை நடுவில் விட்டு 1917இல் அவர் நாடு திரும்பினார். வேறொரு கப்பலில் வந்த அவருடைய பெட்டிகள் உலகப் போரின் தாக்குதலில் கடலில் மூழ்கின. ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் சேரச் சென்றபோது, தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு தங்கினார்.

பதினோராம் நாள் காலையில், உணவை முடித்து, உடை உடுத்தி, அலுவலகத்துக்குப் புறப்படும் நேரத்தில், கையில் தடிகளுடன் ஒரு டஜன் பார்சிகள் மாடிப்படியேறி வந்தார்கள். விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டதாக மிரட்டினார்கள். மாலைக்குள் வெளியேறச் சொன்னார்கள். கொலம்பியாவில் முதுகலைப் பட்டம் பெற்று, முனைவர் பட்ட ஆய்வும் எழுதிய ஒருவர், உடுத்திய உடையுடன் ஒரு பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

மசூரில் உடை பொய் சொல்லவில்லை. பார்த்தவர் தாமாகவே ஏமாந்தார். பரோடாவில் அவரே ஒரு மறைப்பைத் தேட வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே இடத்தில்தான் முடிந்தன. மறைவாக வாழ்வதில் பாதுகாப்பு இல்லை என்ற பாடத்தை அவர் இரண்டாம் முறை படித்தார். அதன் பிறகு தம் சாதியை மறைத்து எங்கும் அவர் இடம் தேடியதாக வரலாறு இல்லை. உடை மட்டும் மாறவில்லை. அதன் பொருள் மாறியது.

லண்டனின் பசியும் ரமாபாயின் பங்கும்

சிடன்ஹாம் கல்லூரியில் 1918 முதல் பேராசிரியராக மாதம் 450 ரூபாய் சம்பளம். அதிலும் சிக்கனமாக வாழ்ந்து சேமித்தார். அந்தச் சேமிப்பும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பதேனா கடனாகக் கொடுத்த 5,000 ரூபாயும் சேர்ந்து, 1920இல் அவரை மீண்டும் லண்டனுக்கு அனுப்பின.

அங்கே அவர் வாழ்ந்த முறை நோன்புக்கு ஒப்பானது. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு கோப்பைத் தேநீரும். பகல் முழுதும் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம். இரவில் மீண்டும் சிறிதளவு உணவு. பசி தாங்காதபோது ஊரிலிருந்து வந்த அப்பளத்தைச் சுட்டுத் தின்று, விடியும் வரை படிப்பு. 1923இல் பொருளியலில் உயர் முனைவர் பட்டமும் கிரேஸ் இன் வழியாகப் பாரிஸ்டர் தகுதியும் பெற்றுத் திரும்பினார். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கப் பதிவுக்கட்டணம் கட்டவும் அவரிடம் பணமில்லை. அதையும் பதேனாதான் கொடுத்தார்.

இந்தச் சிக்கனக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்த விரும்பவில்லை. அவர் லண்டனில் பட்டினி கிடந்த ஆண்டுகளில் பரேல் ஒற்றை அறையில் ரமாபாயும் பட்டினியோடு குடும்பத்தை நடத்தினார். ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் ஒருவரே உயிர்பிழைத்தார். கடைசிக் குழந்தை ராஜரத்னா 1926இல் இறந்தான். 1935 மே 27 அன்று ரமாபாயும் மறைந்தார். சாத்தாராவில் அக்காக்களின் கைகள் துவைத்த சட்டைக்கும், அடகுக்குப் போன அவர்களுடைய நகைக்கும், பரேலில் ரமாபாய் விட்டுக்கொடுத்த உணவுக்கும் எந்தச் சிலையிலும் இடமில்லை. ஆனால் அந்தக் கோட்டின் ஒவ்வொரு தையலிலும் அவர்கள் இருக்கிறார்கள். அம்பேத்கர் இதை அறிந்திருந்தார். அதனால்தான் தமக்குக் கிடைத்த உடையுரிமை தம்மோடு நின்றுவிடக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

மகாதில் சேலைக் கட்டு

1927 மார்ச் 20 அன்று மகாதின் சவுதார் குளத்தில் தண்ணீர் அருந்திய போராட்டத்தை நாம் அறிவோம். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிக்கப்பட்டதையும் அறிவோம். அந்த டிசம்பர் மாநாட்டையொட்டி அவர் பெண்களைத் தனியே கூட்டிப் பேசியது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை.

தீண்டத்தகாதவர் என்று தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும் சேலைக் கட்டை விட்டுவிடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். கையிலும் கழுத்திலும் காலிலும் சுமக்கும் கனத்த மலிவு உலோக நகைகளைக் கழற்றுங்கள் என்றார். மற்றச் சாதிப் பெண்கள் கட்டுவதுபோலவே சேலை கட்டுங்கள் என்றார். ஒட்டுப்போட்ட துணியானாலும் பரவாயில்லை, தூய்மையாக இருக்கட்டும் என்றார். எதை உடுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்றார். கூடியிருந்த பெண்கள் அதை உடனே செயலில் காட்டினார்கள்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் பாட்டிகளும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பழமொழி கந்தையை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. அம்பேத்கரின் அறிவுரை அதற்கு மேலும் ஓர் அடி போகிறது: கந்தை உன் விதி அன்று, இன்று கந்தை என்றால் தூய்மையாகக் கட்டு, நாளை உன் விருப்பப்படி கட்டு, யாரிடமும் அனுமதி கேட்காதே.

அவரை மேற்கத்திய மோகம் கொண்டவர் என்று பழிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பெண்களிடம் அவர் ஐரோப்பிய உடையைக் கேட்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களின் அதே சேலையை, அதே கட்டில் கேட்டார். அவருடைய அக்கறை எந்த நாட்டு உடை என்பதில் இல்லை. ஒரு சாதிக்கு ஓர் உடை என்ற விதியை உடைப்பதில் இருந்தது.

சாலிஸ்கான், 1929

அப்போது அவர் பம்பாய்ச் சட்டமன்ற உறுப்பினர். பாரிஸ்டர். ஒடுக்கப்பட்டோர் மீதான கொடுமைகளை ஆராய அரசு அமைத்த குழுவில் ஒருவர். 1929 அக்டோபரில் விசாரணைப் பயணத்தின் நடுவே சாலிஸ்கானில் இறங்கினார். அங்குள்ள மகர் மக்கள் இரவு தங்கிப் போகும்படி அன்போடு கேட்டார்கள். சேரி நிலையத்திலிருந்து தொலைவில் இருந்தது. குதிரை வண்டிக்காரர்கள் எவரும் அவரை ஏற்றிச்செல்ல முன்வரவில்லை. தம் விருந்தினர் நடந்து வருவது அவருடைய மதிப்புக்குத் தகாது என்று கருதிய மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத தம்முள் ஒருவரை ஓட்ட வைத்தார்கள். பாலத்தில் சக்கரம் சிக்கியது. வண்டியும் குதிரையும் ஆற்றில் விழுந்தன. அவர் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிந்தது.

1901இல் மாட்டு வண்டி. 1929இல் குதிரை வண்டி. இடையில் 28 ஆண்டுகள், இரண்டு கண்டங்கள், பல பட்டங்கள். வண்டிக்காரரின் விதி மட்டும் அப்படியே இருந்தது. மசூரில் பட்டுக்கரை வேட்டியை நிலைய அதிகாரி நம்பி ஏமாந்தார். சாலிஸ்கானில் ஏமாற யாரும் இல்லை. யார் என்று தெரிந்தே மறுத்தார்கள். கோட்டு அணிந்தால் சாதி போய்விடும் என்று அவர் நம்பியிருந்தால், முறிந்த காலுடன் படுத்திருந்த அந்த நாட்களில் அதைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும். அவர் எறியவில்லை. ஏனெனில் அது மறைப்பதற்காக அணிந்த உடை அன்று.

1930 டிசம்பர்: லண்டனும் இராமநாதபுரமும்

முதலாம் வட்டமேசை மாநாடு 1930 நவம்பர் 12 அன்று லண்டனில் தொடங்கி 1931 ஜனவரி வரை நடந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளர்களாக அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் அங்கே அமர்ந்தார்கள். மன்னர்களும் திவான்களும் வைரமும் பட்டும் பூண்டு வந்த அவையில், பரேல் குடியிருப்பிலிருந்து போன மனிதர் அளவெடுத்துத் தைத்த கோட்டுடன் எழுந்து நின்று அரசியல் உரிமை கேட்டார்.

அதே டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் அணியக் கூடாது. தலைமுடியை வெட்டிக்கொள்ளக் கூடாது. குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மூடக் கூடாது, பூச்சூடக் கூடாது. பொன்னும் வெள்ளியும் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளையடிக்கப்பட்டன.

எட்டில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் உடலின் மேல் என்ன இருக்கலாம் என்பது பற்றியவை. கோட்டு என்ற சொல்லே அந்தப் பட்டியலில் இருக்கிறது. இப்போது அந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். லண்டனில் அம்பேத்கர் அணிந்திருந்தது, இராமநாதபுரத்தில் தடைசெய்யப்பட்ட உடை. அதனால்தான் அது வெறும் உடையாக இருக்க முடியாது.

இராமநாதபுரத்துக்கு அடுத்திருக்கும் மதுரையில்தான் 1921 செப்டம்பரில் காந்தியார் மேலாடையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழைகளோடு தம்மை இணைத்துக்கொள்ளும் முடிவாக அது போற்றப்படுகிறது. அவருடைய மனத்தூய்மையைச் சோதிப்பது என் நோக்கமன்று. ஆனால் சட்டை வைத்திருந்தவர்தான் சட்டையைத் துறக்க முடியும். அணிந்தால் குடிசை எரியும் என்ற நிலையில் இருந்தவருக்கு வெற்றுடம்பு துறவு அன்று, தண்டனை. அந்த மக்களின் தலைவர் எந்த உடையில் உலகின் முன் நிற்க வேண்டும் என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது.

1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலிலும் அவர் உடைத் தடைகளைச் சான்றாக வைத்தார். இந்தூர்ப் பகுதியில் பலாய் மக்கள் சரிகைக்கரைத் தலைப்பாகை கட்டக் கூடாது, வண்ணக்கரை வேட்டி உடுத்தக் கூடாது, பெண்கள் பொன், வெள்ளி அணியக் கூடாது என்று 1928இல் விதிக்கப்பட்டதை அவர் எடுத்துக்காட்டினார். சாதி என்பது வெறும் மனப்பான்மை அன்று, அது அன்றாடம் உடலின் மேல் நடத்தப்படும் ஆட்சி என்பதை விளக்க அவருக்கு இதைவிட நல்ல சான்று தேவைப்படவில்லை.

நாக்பூரின் வெள்ளை

1942இல் வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினர். 1947இல் சட்ட அமைச்சர். அரசமைப்பு வரைவுக்குழுவின் தலைவர். அவருடைய மிகப் புகழ்பெற்ற படங்கள் இக்காலத்தவை. 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு அரசமைப்பு அவையில் நிறைவேறியது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதும் 1951இல் பதவி விலகினார்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவியபோது அவர் கோட்டு-சூட்டில் வரவில்லை. வெண்பட்டு வேட்டியும் வெள்ளைக் கோட்டும் அணிந்து வந்தார். எதிரே வெள்ளை உடுத்திய மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டிருந்தார்கள். சிலையின் நீலக் கோட்டை மட்டுமே அவருடைய உடையாக நினைப்பவர்கள் இந்த நாளை மறந்துவிடுகிறார்கள். நீதிமன்றத்துக்கு ஒன்று, மாநாட்டுக்கு ஒன்று, தம்மத்துக்கு ஒன்று என ஒவ்வொரு முறையும் அவரே தேர்ந்தார். ஒருவர் விதிக்க மற்றவர் உடுத்தும் வழக்கத்துக்கு எதிராக ஒரு வாழ்நாள் முழுதும் நடத்திய வழக்கு அது. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

கூண்டும் காவியும்

அவர் மறைந்த பின்னும் அந்த உடையின் மேலான சண்டை ஓயவில்லை. தமிழ்நாட்டுத் தெருக்களில் அவருடைய சிலைகள் இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. 2018இல் உத்தரப்பிரதேசத்தின் பதாயூன் மாவட்டத்தில் உடைக்கப்பட்ட சிலைக்கு மாற்றாகக் காவி உடைச் சிலை வைக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் நீலம் பூசப்பட்டது. 2022 டிசம்பர் 6 அன்று கும்பகோணத்தில் அவருக்குக் காவிச் சட்டையும் திருநீறும் அணிவித்த சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. உயிரோடிருந்தபோது அவர் உடலின் மேல் செலுத்த முடியாத அதிகாரத்தை அவருடைய உருவத்தின் மேல் செலுத்தப் பார்க்கிறார்கள்.

உயிரோடிருப்பவர்களின் நிலையும் வேறன்று. 2012இல் தருமபுரியில் நத்தம் உள்ளிட்ட மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்ட காலத்தில், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சட்டையும் கூலிங் கிளாஸும் அணிவதே குற்றம் என்பதுபோல் மேடைகளில் பேசப்பட்டது. 2023இல் குஜராத்தின் பனாஸ்காண்டா மாவட்டத்தில் நல்ல உடையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்ததற்காக ஒரு தலித் இளைஞர் தாக்கப்பட்டதாக வழக்குப் பதிவானது. 1930இன் பட்டியல் கிழித்தெறியப்படவில்லை. எழுதாமல் நடைமுறையில் இருக்கிறது.

சட்டம் இதை அறியும். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமே, நகையும் நல்லுடையும் அணிவதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதைக் குற்றமாக்கியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் தெளிவானது: பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் காலணியோ புதிய உடையோ அணிவதைத் தடுப்பது, பிரிவு 3(1)இன் கீழ்த் தனிக் குற்றம். ஆனால் நான் பார்த்த வழக்குகளில் இந்த உட்பிரிவு அரிதாகவே முதல் தகவல் அறிக்கையில் இடம்பெறுகிறது. முன்விரோதம், வாய்த்தகராறு, வண்டி மோதல் என்று எழுதப்படுகிறது. ஆகவே களப்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகார் எழுதும்போது பாதிக்கப்பட்டவர் என்ன உடுத்தியிருந்தார், அதைப் பற்றித் தாக்கியவர் என்ன சொன்னார், உடை கிழிக்கப்பட்டதா, செருப்பு கழற்ற வைக்கப்பட்டதா என்பதை வரிசையாக எழுதுங்கள். கிழிந்த சட்டையைத் துவைக்காமல் பாதுகாத்து வையுங்கள். அது சான்றுப்பொருள்.

மாணவர்களிடம் சொல்ல ஒன்று உண்டு. மாதிரி நீதிமன்றப் போட்டிக்குக் கோட்டு இல்லை என்று பின்வாங்கும் தம்பி தங்கைகளை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். என் முதல் கறுப்புக் கோட்டு, தொழிலை விட்டுப்போன ஓர் ஆண் வழக்கறிஞர் அணிந்து கழித்தது. தோள் இரண்டு விரல் அகலம் அதிகம்; கை நீளம். தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்துத் தோளைப் பிடித்து, கையைக் குறைத்து, உள்துணியை மாற்றினேன். அந்தக் கோட்டுடன் முதல் நாள் நின்றபோது ஒரு மூத்த வழக்கறிஞர் அன்பாகத்தான் பேசினார். முதலில் ஊரைக் கேட்டார். பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். பிறகு தெருவைக் கேட்டார்.

மசூர் நிலைய அதிகாரியின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஊரைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி இருக்கும் எங்கள் தெருவின் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வழக்கு அழைக்கப்பட்டதும் உள்ளே போனேன்.